காணாமல் திரும்புதல்

என்னிடம் படித்தவன் ஒருவன், துருவப் பிரதேசங்களுக்கு ஆட்களைக் கூட்டிச் சென்று மிருகங்களைப் போட்டோ எடுக்க வைப்பதை ஜீவனமாகக் கொண்டிருக்கிறான். கோடையில் வடக்கே ஸ்வால்பார்ட். அங்கே இருட்டத் தொடங்கிய பிறகு தெற்கே அண்டார்க்டிகா. 2024 தீபத்துக்கு ஊருக்கு வந்திருந்தான். ஜனவரியில்தான் அவனுக்கு அடுத்த கப்பல். தீபம் ஏற்றிய இரண்டாம் நாள் மாலை, வேங்கிக்காலில் என் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோது, பேச்சுக்கு நடுவில் இப்படிக் கேட்டான்: "சார், நான் பார்த்தேன். பார்க்கலைன்னு சொல்லிட்டேன். அது தப்பா?"

விஷயம் இதுதான். அந்த வருஷம் ஜூலையில் ஒரு சிறிய கப்பலில் 12 பேரை அழைத்துப் போயிருக்கிறான். எல்லோரும் பனிக்கரடிக்காகப் பல லட்சம் செலவழித்து வந்தவர்கள். ஆறு நாள் கரடி இல்லை. வால்ரஸ் பார்த்தார்கள், நரி பார்த்தார்கள், செங்குத்துப் பாறைகளில் ஆயிரக்கணக்கில் அடையும் கடற்பறவைகளைப் பார்த்தார்கள். அதற்காக யாரும் அங்கே போவதில்லை. ஏழாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு (அந்த மாதத்தில் அங்கே சூரியன் மறைவதில்லை) மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்க, இவன் மாலுமியறையில் பைனாகுலரோடு நின்றிருக்கிறான். மலைகளுக்கிடையே கடல் உள்நுழைந்து முடிகிற இடத்தில், கரையோடு ஒட்டியிருந்த பனித்தட்டின்மேல் ஒரு தாய்க்கரடி மல்லாந்து சாய்ந்திருக்கிறது; குட்டி பால் குடிக்கிறது. முந்தின வருஷம் இதேபோல் ஓர் இடத்தில், கப்பல் நெருங்கியதும் ஒரு தாய் தான் பிடித்த சீலைப் பாதியில் விட்டுவிட்டுக் குட்டியோடு ஓடியதைப் பார்த்தவன் இவன். இந்தத் தடவை காப்டனிடம் கப்பலைத் திருப்பச் சொன்னான். காலையில் காப்பி குடிக்க வந்தவர்கள் "ராத்திரி ஏதாவது தென்பட்டதா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றான். பன்னிரண்டு பேரும் கரடி பார்க்காமலே ஊர் திரும்பினார்கள்.

தப்பா என்று கேட்டால், உடனே சொல்லக்கூடிய பதில்கள் இரண்டு உண்டு. காண்ட் 1797இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், கொலைகாரன் வாசலில் வந்து நின்று உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லும் உரிமை உனக்கில்லை என்று வாதிடுகிறார். அவரிடம் போனால் என் மாணவனுக்குத் தண்டனை நிச்சயம். வள்ளுவரோ வாய்மை அதிகாரத்தில், தீங்கு கலவாத நன்மை விளையுமானால் என்று ஒரு சின்ன வாசல் திறந்துவைத்திருக்கிறார். நம்மவர்கள் அந்த வாசலில் லாரியே ஓட்டுவார்கள் என்பது வேறு விஷயம். இந்த இரண்டு பதிலையும் நான் அவனுக்குச் சொல்லவில்லை. அவனுடைய பன்னிரண்டு பேரும் கொலைகாரர்களாக இல்லை. தீங்கு கலவாத நன்மை என்று தீர்மானித்தவனும் அவன் ஒருவனாகவே இருந்தான். இரண்டு இடத்திலும் வழக்கு சரியாகப் பொருந்தவில்லை.

அவன் எதை விற்றான் என்று முதலில் பார்க்க வேண்டும். மிருகங்கள் தென்படுவதற்கு உத்தரவாதமில்லை என்று அச்சிட்ட தாளில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் தாளின் அட்டையில் கரடி இருக்கிறது. "காட்டுகிறேன்" என்று சொல்லாமல் சொல்லி ஆள் சேர்க்கும் தொழில் அது. காட்டப்படுவது காட்டுகிறவனுக்குச் சொந்தமில்லை. கோயிலில் கற்பூரம் காட்டும் குருக்களுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. சுவாமி இடத்தை விட்டு எழுந்து போவதில்லை.

துருவத்துக்குக் காமிரா போன ஆரம்ப நாட்களில் இந்த விலையைக் கொடுத்தவன் போட்டோ எடுத்தவனே. ஸ்காட்டின் தென்துருவக் கூட்டத்தோடு போன ஹெர்பர்ட் பாண்டிங், 1911 ஜனவரியில் ஓர்காத் திமிங்கிலங்களைப் படமெடுக்கப் பனித்தட்டின் விளிம்புக்கு ஓடினார். அவை அடியிலிருந்து முட்டி, அவர் நின்ற பனியையே உடைத்தன. காமிராவும் கையுமாகத் தாவித் தப்பினார். உறையும் குளிரில் அவருக்காக அசையாமல் நிற்க வேண்டியிருந்த சகாக்கள் அவர் பெயரையே வினைச்சொல்லாக்கிக் கேலி செய்தார்கள். அங்கே பார்க்கப்பட்ட பிராணி பார்க்கிறவனைக் கடலில் தள்ளியிருக்க முடியும். இப்போது அந்த ஆபத்து கை மாறிவிட்டது. 2018 ஜூலையில் ஸ்வால்பார்டின் வடகோடித் தீவொன்றில், பிரயாணிகள் இறங்குவதற்கு முன் அந்த இடத்தில் கரடி இல்லை என்று உறுதிசெய்யத் துப்பாக்கியோடு இறங்கிய காவலர்களில் ஒருவரைக் கரடி தாக்கியது. அவர் காயத்தோடு பிழைத்தார். கரடி சுடப்பட்டுச் செத்தது. கரடியின் தேசத்தில் கரடி இல்லை என்று உறுதிசெய்யப் போவது எத்தகைய காரியம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இந்தத் தொழிலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் பழையது, சுலபமாகத் தள்ள முடியாதது. லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் 1966இல் சுற்றுலாக்காரர்களை அண்டார்க்டிகாவுக்கு அழைத்துப் போனதிலிருந்து அது சொல்லப்பட்டு வருகிறது: பார்த்தவன் நேசிப்பான், நேசிப்பவன் காப்பாற்றுவான். என் மாணவனும் இதைச் சொன்னான். அவனுடைய கப்பலில் வந்த ஒரு வியாபாரி திரும்பிப் போய்த் தன் ஊர்க் குளத்தைச் சொந்தச் செலவில் தூர்வாரினாராம். இருக்கலாம். 2023–24 பருவத்தில் அண்டார்க்டிகா போனவர்கள் 1 லட்சத்துக்கும் மேல். கப்பல்காரர்கள் 1991இல் சங்கம் அமைத்துத் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள்: ஒரே நேரத்தில் கரையில் 100 பேருக்கு மேல் கூடாது, பென்குவினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நல்ல காரியம். ஆனால் அந்த லட்சம் பேரும் எரித்த எண்ணெயையும் கணக்கில் சேர்த்தால், அவர்கள் தங்கள் நேசத்தைக் கொஞ்சம் தூரத்திலிருந்தே செலுத்தியிருக்கலாமோ என்று தோன்றுகிறது. பார்த்தவன் காப்பாற்றுவான் என்பது உண்மையானால், தினமும் பார்க்கிற வேங்கிக்கால் ஏரியை நாங்கள் எப்போதோ காப்பாற்றியிருக்க வேண்டும்.

அன்று அவன் உண்மையில் புலம்ப வந்தது வேறொன்றைப் பற்றி. 2025 ஜனவரி 1 முதல் ஸ்வால்பார்டில் பனிக்கரடிக்கு 300 மீட்டருக்குள் யாரும் போகக்கூடாது. மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர். நார்வேக்காரர்களின் சட்டம். அதுவரை, கரடியைத் தொந்தரவு செய்யும்படி நெருங்கக் கூடாது என்றுதான் இருந்தது. மீட்டர்க் கணக்கு கிடையாது. "தொழிலே போச்சு சார். முந்நூறு மீட்டர்ல கரடி ஒரு புள்ளி" என்றான். புள்ளிதானா என்று ஒரு பழைய கவரின் பின்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சட்டகம் 36 மில்லிமீட்டர் அகலமுள்ள காமிராவில் 600 மில்லிமீட்டர் லென்ஸ் மாட்டினால், 300 மீட்டர் தூரத்தில் படத்துக்குள் அடங்கும் அகலம் 18 மீட்டர். இரண்டரை மீட்டர் நீளமுள்ள கரடி அதில் ஏழில் ஒரு பங்கு. 500 மீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

ஏழில் ஒரு பங்கு கரடி, ஆறு பங்கு பனி. இதில் என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை. மா. கிருஷ்ணன் (1912–1996) நினைவுக்கு வந்தார். அ. மாதவையாவின் மகன்; 1950லிருந்து சாகும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதியவர்; பல காமிராக்களின் உறுப்புகளை ஒட்டவைத்துத் தானே செய்துகொண்ட ஒரு ராட்சசக் கருவிக்கு 'சூப்பர் பாண்டெரோஸா' என்று பெயர் வைத்திருந்தவர். நடந்தும், பழக்கிய யானைமேல் உட்கார்ந்தும் காட்டுக்குள் போய்க் கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுத்தார். அவருடைய யானைகளைப் பார்க்கும்போது யானை நிற்கும் காட்டையும் பார்க்கிறோம். மூங்கில் எவ்வளவு உயரம், புல் எப்படிச் சாய்ந்திருக்கிறது, கூட்டத்தில் யாருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் படத்தில் இருக்கிறது. இன்று போட்டோ வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பது முகம், அதிலும் கண். மிருகம் நேராக லென்ஸைப் பார்க்க வேண்டும், அதுதான் பரிசு வாங்கும் படம். மிருகம் ஏன் லென்ஸைப் பார்க்கிறது? அது செய்துகொண்டிருந்த காரியம் கெட்டுவிட்டதால் பார்க்கிறது. தன் இரையையோ குட்டியையோ தூக்கத்தையோ விட்டுவிட்டு நம் பக்கம் திரும்பிய ஒரு கணம் அது. நாம் சிறந்த வனவிலங்குப் படம் என்று சட்டம் போட்டு மாட்டுவது பெரும்பாலும் நம்மால் தொந்தரவு செய்யப்பட்ட ஒரு பிராணியின் படம். நம்மை அறியாத கரடியைப் பார்ப்பதும், நம்மை அறிந்துவிட்ட கரடியைப் பார்ப்பதும் இருவேறு அனுபவங்கள். முதலாவதற்குத் தூரம் தேவை.

எதிரே மலை இருந்தது. அந்த டிசம்பர் 1ஆம் தேதி, புயல் மழையில் மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் 7 பேர் மண்ணுக்குள் போனார்கள். நிபுணர்கள் வந்து பார்த்து, மண் இளகியிருக்கிறது என்றார்கள். வழக்கமாகச் சீட்டு வாங்கி உச்சிக்கு ஏறும் பக்தர்களுக்கு அந்த வருஷம் அனுமதி இல்லை. கொப்பரையும் நெய்யும் சுமப்பவர்கள் மட்டும் போனார்கள். ஏற முடியாதவர்களுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் தீபத்தைப் பார்க்கவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் வாலிபத்தில் ஒருமுறை ஏறியிருக்கிறேன். 2,668 அடி மூச்சிரைக்க ஏறிப் போனால் அங்கே இருப்பது எரியும் ஒரு கொப்பரை, நெய்ப்புகை, நெரிசல். தீபம் கீழே இருப்பவர்களுக்குத்தான் தெரிகிறது. இதைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "தீபம் பதினோரு நாள் அங்கேயேதான் சார் இருக்கும். கரடி இருக்குமா?" என்றான். சரியான பதில். எனக்கு அதற்கு மறுப்பு கிடைக்கவில்லை.

ஆனால் இந்த மலைக்கு இன்னொரு கதை இருக்கிறது. ஜோதித்தம்பமாக நின்றவனின் அடியைத் தேடித் திருமால் பன்றியாகப் பூமியைக் குடைந்து போனார். முடியைத் தேடிப் பிரமன் அன்னமாகப் பறந்தார். திருமால் திரும்பி வந்து காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரமன் வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்து வந்து, முடியைக் கண்டேன் என்றார். அதனால்தான் அவருக்குக் கோயில் இல்லை, சிவபூஜையில் தாழம்பூவுக்கு இடமில்லை என்பார்கள். சின்ன வயதில் எனக்குத் தாழம்பூவின்மேல் பரிதாபமாக இருக்கும். அது உண்மையிலேயே மேலேயிருந்துதான் வந்தது; முடியில் இருந்ததும் நிஜம். அழைத்து வந்தவன் சொன்னதற்குத் தலையாட்டியது மட்டுமே அதன் குற்றம். போட்டோவின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். 1958இல் டிஸ்னி கம்பெனி எடுத்த 'ஒயிட் வில்டர்னெஸ்' படத்தில், லெமிங் என்கிற ஆர்க்டிக் எலிகள் கூட்டம் கூட்டமாகப் பாறையிலிருந்து கடலில் குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும். அதற்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. வேறிடத்திலிருந்து விலைக்கு வாங்கிவரப்பட்ட பிராணிகளை, கடலே இல்லாத ஆல்பர்ட்டா மாகாணத்தில் மனிதர்களே தள்ளிவிட்டு எடுத்த படம் அது என்று 1982இல் கனடாவின் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சி அம்பலப்படுத்தியது. எலிகள் நிஜம், விழுந்ததும் நிஜம்.

அது காசுக்காகச் சொன்ன பொய், சுலபமாகக் கண்டித்துவிடலாம். 2017இல் பால் நிக்லனும் கிறிஸ்டினா மிட்டர்மையரும் கனடாவின் வடக்கே எலும்பும் தோலுமாகத் தள்ளாடிய ஒரு கரடியைப் படம் பிடித்தார்கள். நோக்கம் உயர்ந்தது. உலகம் சூடேறுவதை ஜனங்களுக்கு உணர்த்த வேண்டும். 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' அதை வெளியிட்டபோது, பருவநிலை மாற்றத்தின் முகமே இதுதான் என்ற பொருளில் வாசகம் சேர்த்தது. கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அந்த ஒரு கரடி எதனால் பட்டினி கிடந்தது, நோயா, காயமா, கிழடா என்பது யாருக்கும் தெரியாது. மறுவருஷம் அந்தப் பத்திரிகையே வாசகத்தில் எல்லை மீறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டது, மிட்டர்மையரும் எழுதினார். கடற்பனி குறைந்து வருவதும் கரடிகளின் வேட்டைக்காலம் சுருங்குவதும் மெய். அந்த மெய்க்கு இந்தச் சாட்சி தேவைப்பட்டிருக்கவில்லை. ஆனால் பிடிபட்ட சாட்சியைக் காட்டி மெய்யையே மறுப்பதற்கு ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

என் மாணவனின் 'இல்லை'யை நான் இங்கேதான் வைத்துப் பார்க்கிறேன். பிரமன் காணாததைக் கண்டேன் என்றான். இவன் கண்டதைக் காணவில்லை என்றான். திசை நேர்மாறு, நோக்கம் கரடியின் நன்மை. ஆனாலும், ஒரு கரடியின் நன்மைக்காகக் காணவில்லை என்று சொல்லப் பழகிய நாக்கு, எல்லாக் கரடிகளின் நன்மைக்காகக் கண்டேன் என்று சொல்ல எவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளும்? ஆட்களை அழைத்துப் போகிறவனுக்கு முதல் என்று இருப்பது அவனுடைய சொல் ஒன்றுதான். அந்தப் பனிவெளியில் பன்னிரண்டு பேரும் அவன் கண்களால்தான் பார்க்கிறார்கள். அவன் பறித்தது அவர்களுடைய கரடியை மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றியது. "அதோ இருக்கிறது, நாம் போகப் போவதில்லை" என்று கேட்கவும், அதற்குக் கட்டுப்பட்டுத் தங்களைத் தாங்களே நல்லவர்களாகக் காணவும் அவர்களுக்கு இருந்த ஒரே சந்தர்ப்பத்தையும் சேர்த்துப் பறித்துவிட்டான்.

சொன்னேன். "சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டாங்க சார். உங்களுக்குத் தெரியாது" என்றான். "அப்போ அந்த 300 மீட்டர் சட்டம் உனக்குத்தானே உதவி? இனி எழுப்பிக் காட்டலாம். இதுக்கு மேல போக முடியாதுன்னு சட்டத்துமேல பழியைப் போடலாம். பொய் தேவையில்ல" என்றேன். இதை எதிர்பார்க்கவில்லை போலும், கொஞ்சம் யோசித்தான். பிறகு தலையை ஆட்டினான். "இல்ல சார். இனிமே முந்நூறு வரைக்கும் போறது அவங்க உரிமைன்னு ஆயிடும். அந்தத் தாய் ஒரு கிலோமீட்டர்லயே எழுந்து ஓடியிருக்கும். காத்து அன்னிக்கி அப்படி." இதுவும் உண்மை. கோடு போட்டதும் கோடுவரை நமது என்று எடுத்துக்கொள்வது மனித சுபாவம். நம் வனவிலங்குச் சட்டத்திலும் 1972 முதல் சரணாலயத்துக்குள் போட்டோ எடுக்க அனுமதி பெறவேண்டும் என்று பிரிவு இருக்கிறது; 2022இல் அதைத் திருத்தி, இருப்பிடத்துக்கும் பிராணிக்கும் கெடுதல் நேராமல் எடுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். எது கெடுதல் என்று அந்த நேரத்தில் தீர்மானிப்பவன் காமிராக்காரன். வேங்கிக்கால் ஏரி சரணாலயமும் கிடையாது.

ஏரியைச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு உரிமையில்லை. 20 வருஷத்துக்கு முன்பு, கலெக்டர் ஆபீசைச் சுற்றி இவ்வளவு வீடுகள் முளைக்காத காலம். மழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்திருந்த ஒரு மார்கழியில், பள்ளிப் பையன்கள் ஐந்து பேரை விடிகாலையில் அங்கே கூட்டிப் போனேன். தண்ணீருக்குள் நின்ற கருவேல மரம் ஒன்றில் மடையான் கூடு. என்னிடம் ஒரு சுமாரான காமிரா இருந்தது. கூட்டுக்கு முன்னால் இரண்டு சிம்புகள் குறுக்கே தழைந்து நிழல் தட்டின. முழங்காலளவு தண்ணீரில் போய் அவற்றை ஒடித்தேன். பையன்கள் கரையிலிருந்து பார்த்தார்கள். தாய் பறந்து மதகின்மேல் உட்கார்ந்துகொண்டது. வெயில் கூட்டுக்குள் இறங்கியது. படம் எடுத்தேன். ஆளுக்கொரு தடவை காமிராவில் கண்வைத்துப் பார்க்கவிட்டேன். மறுநாள் நான் மட்டும் போனபோது கூடு காலியாக இருந்தது. அங்கே வலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர், நான் கேட்காமலே சொன்னார்: "நீங்க காக்காவுக்கு இல்ல வழி காட்டிட்டுப் போயிருக்கீங்க வாத்தியாரே."

பையன்கள் அடுத்த வாரம் குஞ்சுகளைப் பற்றிக் கேட்டார்கள். பறந்துவிட்டன என்றேன். பறக்கும் பருவத்துக்கு அவை நெருங்கக்கூட இல்லை; பையன்களுக்கு அது தெரியாது. அந்த ஐந்து பேரில் ஒருவன்தான் இப்போது மொட்டைமாடியில் உட்கார்ந்து, பார்த்ததைப் பார்க்கவில்லை என்றது தப்பா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தவன். அவன் பொய்யில் ஒரு கரடியும் குட்டியும் தூக்கம் கலையாமல் இருந்தன. என் பொய்யால் என்னைத் தவிர யாருக்கும் லாபமில்லை.

கீழே போய்ப் பரணிலிருந்து அந்தப் பிரிண்டை எடுத்து வந்தேன். அவனுக்கு ஞாபகம் இருந்தது. "அன்னிக்குத்தான் சார் எனக்கு இந்தப் பைத்தியம் புடிச்சது" என்றான். மாடி விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். தொழில்காரனின் கண் முதலில் எங்கே போகுமோ அங்கே போயிற்று. "வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு சார்."

வெளிச்சம் எப்படி விழுந்தது என்பதைச் சொன்னேன். காகத்தைச் சொன்னேன். குஞ்சுகள் பறக்கவில்லை என்பதையும் சொன்னேன். மலையுச்சியில் மேகம் மூடி, தீபம் இருக்கும் இடம் மட்டும் மங்கலாகச் சிவந்திருந்தது. அவன் படத்தை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை.

"எத்தினி குஞ்சு சார் இருந்தது?" என்று கேட்டான்.

"மூணு" என்றேன். படத்தில் இரண்டுதான் தெரிகின்றன.